மார்ஷ்மெல்லோ கிரிஸ்பி: தீபாவளிக்கு முதன்முறை செய்யப்போகிறவர்களுக்கு

சில வருடங்களுக்கு முன் கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் வீட்டில் தீபாவளிக்கு முந்தின வாரம். கூட வேலை பார்க்கும் மலாய்த் தோழி ஒரு பாலாங் (மூடி போட்ட ஜாடி) நிறைய பலகாரம் கொடுத்தனுப்பியிருந்தாள். சின்னக் காகிதக் கிண்ணங்களில் தேனில் புரட்டிய கார்ன்ஃப்ளேக்ஸ், மேலே கலர் மணி தூவியது. மூடியில் எழுதி ஒட்டியிருந்ததை என் மகன் சத்தமாகப் படித்தான்: "கார்ன்ஃப்ளேக்ஸ் மாடு." தமிழ்நாட்டிலிருந்து வந்திருந்த அத்தை நீட்டிய கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். "மாடா? பண்டிகை அதுவுமா?" மலாயில் மாடு என்றால் தேன், அத்தை, எல்லாம் அதே சமஸ்கிருத 'மது'தான் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தோம். கேட்கவில்லை. பக்கத்தில் நான் செய்து வைத்திருந்த மார்ஷ்மெல்லோ கிரிஸ்பியை எடுத்து ஒன்றுக்கு நான்காகச் சாப்பிட்டுவிட்டு, "இது நல்லா இருக்குடி, நம்ம பொரி உருண்டை மாதிரியே" என்றார்.

அன்றிரவு குப்பையில் கிடந்த மார்ஷ்மெல்லோ பாக்கெட்டை எடுத்துப் பின்பக்கம் படித்தேன். தோழி கொடுத்ததில் மாடு இல்லை. நான் செய்ததில் இருந்தது.

அத்தையிடம் இன்றுவரை சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து இந்தப் பலகாரத்தை யாராவது கற்றுக்கொடு என்று கேட்டால், அடுப்படிக்குக் கூப்பிடுவதற்கு முன் கடைக்குத்தான் கூட்டிப்போகிறேன்.

முதலில் மார்ஷ்மெல்லோ பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்

மார்ஷ்மெல்லோ என்பது சர்க்கரைப் பாகும் குளுகோஸ் பாகும் காற்றும்தான். அந்தக் காற்றைப் பிடித்து வைத்திருப்பது ஜெலட்டின். ஜெலட்டின் விலங்குகளின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கப்படுவது: பன்றி, மாடு, சில சமயம் மீன். அமெரிக்காவிலிருந்து வரும் பல பாக்கெட்டுகளில் பன்றி ஜெலட்டின் இருக்கும். உங்கள் ஓப்பன் ஹவுஸுக்கு முஸ்லிம் நண்பர்கள் வருவார்கள் என்றால் அது வீட்டுக்குள்ளேயே வரக்கூடாது. செய்த சட்டியும் கரண்டியும்கூடப் பிறகு சங்கடம்.

சரி, ஹலால் முத்திரை பார்த்து வாங்கினால் போதும் என்று நினைப்போம். நானும் அப்படித்தான் நினைத்தேன். மலேசிய இஸ்லாமியத் துறையான ஜாக்கிம் தரும் அந்த முத்திரை பன்றி இல்லை என்பதற்கு உத்தரவாதம். மாடு இல்லை என்று அது சொல்லவே இல்லையே! முறைப்படி அறுத்த மாட்டின் ஜெலட்டின் முழுக்க ஹலால். ஆக, முஸ்லிம் விருந்தாளிக்குப் பொருந்துவது மாட்டிறைச்சி தொடாத இந்து வீட்டுக்குப் பொருந்தாமல் போகலாம். குவான் யின் அம்மனைக் கும்பிடும் சீன அண்டை வீட்டாரில் பலரும் மாடு சாப்பிடுவதில்லை. ஒரே தட்டில் மூன்று வீட்டுக் கட்டுப்பாடும் இருக்கிறது, இந்த ஊரில் பலகாரம் என்றால் அப்படித்தான்.

இங்கே விற்கும் உணவில் மாடோ பன்றியோ அவற்றிலிருந்து எடுத்ததோ இருந்தால் பாக்கெட்டில் அதைக் குறிப்பிட வேண்டும் என்று 1985ஆம் ஆண்டின் உணவு விதிமுறைகளிலேயே இருக்கிறது. எனவே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொடி எழுத்தைப் படியுங்கள். 'லெம்பு' அல்லது 'போவைன்' என்றிருந்தால் மாடு. 'ஈக்கான்' என்றால் மீன்; மீன் ஜெலட்டின் மார்ஷ்மெல்லோ முஸ்லிமுக்கும் ஆகும், மாடு தொடாதவருக்கும் ஆகும், சுத்த சைவத்துக்கு மட்டும் ஆகாது. ஜெலட்டின் என்ற சொல்லே இல்லாமல் கேரஜீனன் அல்லது 407 என்ற எண் இருந்தால் அது கடற்பாசி. இந்தியாவிலிருந்து வருகிற பாக்கெட்டில் பச்சைச் சதுரத்துக்குள் பச்சைப் புள்ளி இருந்தால் சைவம். பிரிக்பீல்ட்ஸ், மஸ்ஜித் இந்தியா பக்கத்து மளிகைக் கடைகளில் இந்தியச் சரக்கு தேடிப் பார்க்கலாம். பேக்கரிப் பொருள் விற்கும் கடைகளில் கேட்டாலும் எடுத்துக் காட்டுவார்கள்.

கடற்பாசி மார்ஷ்மெல்லோ வாங்கினீர்கள் என்றால் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். ஜெலட்டின் நம் வாய்ச்சூட்டிலேயே இளகிவிடும் சாது. கடற்பாசி பிடிவாதக்காரி. உருக நேரம் எடுக்கும், உருகினாலும் மாவுப் பசை மாதிரி கெட்டியாகத்தான் இருக்கும். ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்து, சட்டியை மூடி வைத்து, நடுநடுவே கிளறினால் வழிக்கு வருவாள்.

என்ன பலகாரம் இது

அத்தை சொன்னது சரிதான், இது பொரி உருண்டைக்கு உறவு: காலை உணவுக்குப் பெட்டியில் விற்கும் மொறுமொறு அரிசியை (அரிசி கிரிஸ்பி) உருக்கிய மார்ஷ்மெல்லோவில் புரட்டிச் செய்வது. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து பேட்டில் கிரீக் ஊரில், கெலாக்ஸ் நிறுவனத்துச் சமையலறையில் வேலை பார்த்த மில்ட்ரெட் டே, மலிட்டா ஜென்சன் என்ற இரண்டு பெண்கள் 1939இல் உருவாக்கியது. ஒரு சிறுமியர் சங்கம் நிதி திரட்ட விற்பதற்காக. கார்த்திகைக்குப் பொரியில் வெல்லப்பாகு ஊற்றி உருட்டிய நம் பாட்டிமார் அதைப் பார்த்திருந்தால் "இதுக்கு ஒரு கம்பெனியா?" என்று கேட்டிருப்பார்கள்.

ஒரே வித்தியாசம் பாகில் இருக்கிறது. பொரி உருண்டைக்குப் பாகைத் தண்ணீரில் விட்டால் உருள வேண்டும், உருட்டித் தட்டில் போட்டால் 'டங்' என்று கேட்க வேண்டும். அந்தப் பதத்தை நாம்தான் காய்ச்சிக் கொண்டுவருகிறோம். மார்ஷ்மெல்லோவோ முன்பே பதம் பார்த்து முடித்த பாகு. நாம் அதை இளக்கினால் போதும், மேற்கொண்டு காய்ச்சக்கூடாது. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

அளவு

33க்கு 23 சென்டிமீட்டர் தட்டு ஒன்றுக்கு, 24 துண்டு வரும்:

அரிசி கிரிஸ்பி 170 கிராம்
மார்ஷ்மெல்லோ 300 கிராம்
வெண்ணெய் 60 கிராம்
உப்பு கால் தேக்கரண்டி

கோப்பைக் கணக்கு வேண்டாம். கோப்பைக்குக் கோப்பை அளவு மாறும், மார்ஷ்மெல்லோவில் பெரிதும் குட்டியும் உண்டு. சமையல் தராசில் நிறுத்துப் போடுங்கள். வெண்ணெயில் உப்பு இருந்தால் மேலே சொன்ன உப்பில் பாதி போதும். உப்பே வேண்டாம் என்று மட்டும் விடாதீர்கள், வெறும் தித்திப்பாகத் திகட்டும்.

நான் வெண்ணெயில் பாதியைக் குறைத்து நெய் சேர்க்கிறேன். முறுக்குக்கும் நெய் உருண்டைக்கும் வாங்கி வைத்த டின் எப்படியும் திறந்திருக்கும். 30 கிராம் வெண்ணெய்க்குப் பதில் 25 கிராம் நெய் போதும், நெய்யில் தண்ணீர் கிடையாது. இரண்டு ஏலக்காயைத் தட்டிப் போட்டால் வந்தவர்கள் "இது என்ன பலகாரம்?" என்று கேட்பார்கள். வெனிலா போட்டால் யாரும் கேட்க மாட்டார்கள்.

அரிசி கிரிஸ்பியில் பார்லி மால்ட் சேர்ப்பது வழக்கம். குளூட்டன் ஒத்துக்கொள்ளாதவர் வீட்டில் இருந்தால் அரிசிதானே என்று கொடுத்துவிடாதீர்கள், அந்தப் பெட்டியையும் திருப்பிப் பாருங்கள். பொரியில் செய்யலாமா என்றால், செய்யலாம். ஆனால் கடையில் வாங்கும் பொரி இந்த ஊர்க் காற்றில் ஏற்கெனவே நமுத்திருக்கும். அடி கனமான வாணலியில் சின்னத் தீயில் ஐந்து நிமிடம் வறுத்து, விரலில் வைத்து நசுக்கினால் நொறுங்குகிறதா என்று பார்த்து, நன்றாக ஆறவிட்டுச் சேருங்கள். திறந்து பல நாள் கிடந்த கிரிஸ்பி பெட்டிக்கும் இதே வைத்தியம். ஓவன் இருந்தால் 150 டிகிரி செல்சியஸில் ஐந்தாறு நிமிடம்.

செய்வது

உருக்க ஆரம்பித்தபிறகு எதையும் தேட நேரம் இருக்காது. ஆகவே தட்டில் பேக்கிங் காகிதம் விரித்து, ஓரங்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி விட்டு, லேசாக நெய் தடவி வையுங்கள். கிரிஸ்பியை நிறுத்து ஒரு கிண்ணத்தில் தயாராக வையுங்கள். கரண்டிக்கும் நெய் தடவுங்கள். பிள்ளைகளை மேசைக்கு அந்தப் பக்கம் நிறுத்துங்கள்; உருகிய மார்ஷ்மெல்லோ தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டே சுடும், உதறினாலும் போகாது.

அடி கனமான பெரிய சட்டி. நீங்கள் நினைப்பதைவிட ஒரு அளவு பெரியது. தீ இருப்பதிலேயே சின்னது. வெண்ணெயும் நெய்யும் உப்பும் ஏலமும் போட்டு உருகவிடுங்கள். பிறகு மார்ஷ்மெல்லோ.

இந்த இடத்தில் நின்று கவனியுங்கள். முதல் ஒரு நிமிடம் ஒன்றுமே நடக்காது. வெள்ளைக் கட்டிகள் நெய்யில் வழுக்கிக்கொண்டு சுற்றிவரும். இங்கேதான் கை அடுப்புத் திருகுக்குப் போகும், போகவிடாதீர்கள். அடுத்து அடிப்பக்கம் மட்டும் இளகி, ஒவ்வொன்றும் ஈர மண்ணில் நிற்கும் கல் மாதிரி சாயும். நெய் ஒரு பக்கம், வெள்ளை ஒரு பக்கம் என்று பிரிந்து நிற்கும், கெட்டுப்போய்விட்டதோ என்று தோன்றும். கெடவில்லை. அடியிலிருந்து வழித்துத் திருப்பிக்கொண்டே இருந்தால் இரண்டும் சேர்ந்து பளபளப்பாகும். நாலைந்து கட்டிகள் இன்னும் முழுதாக உருகாமல் உருண்டையாகத் தெரியும்போதே அடுப்பை அணைத்துவிடுங்கள். மிச்சம் சட்டியின் சூட்டிலேயே கரையும்.

தீயைக் கூட்டினால் என்ன? மார்ஷ்மெல்லோவில் இருக்கிற கொஞ்சம் தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், பாகு கெட்டிப் பதத்துக்கு ஏறிவிடும், ஆறினதும் கல். எனக்கு முதல் வருடம் நடந்தது. தீபாவளிக்கு முந்தின இரவு, மணி பதினொன்று, இன்னும் மாவிலை கட்டவில்லை, கோலம் போடவில்லை. சீக்கிரம் ஆகட்டுமே என்று தீயை முழுதாகத் திறந்தேன். மறுநாள் கத்தி இறங்கவில்லை. மாமனார் பல்செட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "இதை வாசல்படிக்கு முட்டுக் கொடும்மா" என்றார். அந்த வருடம் வேறு யாரும் அதைத் தொடவில்லை.

மைக்ரோவேவிலும் முடியும். பெரிய கண்ணாடிக் கிண்ணத்தில் வெண்ணெயும் மார்ஷ்மெல்லோவும், 30 விநாடிக்கு ஒருமுறை வெளியே எடுத்துக் கிளறி, மொத்தம் இரண்டு இரண்டரை நிமிடம். இரண்டு மடங்காக உப்பி எழும், பயப்பட வேண்டாம்.

அணைத்ததும் கிரிஸ்பியை மூன்று தடவையாகக் கொட்டுங்கள். கிளறுவது என்று சொல்வதைவிடப் புரட்டுவது என்று சொல்வது பொருத்தம்: அடியிலிருந்து மேலே, பிரியாணிச் சோற்றை உடையாமல் புரட்டுகிற மாதிரி. வெள்ளை இழைகள் எல்லா அரிசியையும் சுற்றிக்கொண்டதும் தட்டில் கொட்டுங்கள்.

அழுத்துவதில் பலருக்குக் கை மீறிவிடுகிறது. பொரி உருண்டை உருட்டிப் பழகிய கை இறுக்கிப் பிடிக்கத்தான் பார்க்கும். இங்கே அது தப்பு. நெய் தொட்ட உள்ளங்கையால் தட்டிக்கொடுத்துச் சமன் செய்யுங்கள், அவ்வளவுதான். இறுக்கினால் அரிசி நொறுங்கி, நடுவில் இருக்கும் காற்றெல்லாம் போய், கடிக்கும்போது செங்கல் பதம் வரும். ஒரு மணி நேரம் ஆறவிட்டுக் காகிதத்தின் ஓரத்தைப் பிடித்துத் தூக்கி, நெய் தடவிய கத்தியால் ஐந்து சென்டிமீட்டர் சதுரமாக அழுத்தி வெட்டுங்கள். ரம்பம் போல் இழுக்க வேண்டாம், பிய்ந்துவரும்.

அகல் விளக்கு

சதுரத் துண்டு எந்தப் பண்டிகைக்கும் பொருந்தும். தீபாவளிக்கு நான் செய்வது அகல். கலவை கைபொறுக்கும் சூட்டில் இருக்கும்போதே எலுமிச்சை அளவு உருண்டையாக எடுத்துக் காகிதக் கிண்ணத்தில் வைத்து, கட்டைவிரலால் நடுவில் ஒரு குழி, ஒரு ஓரத்தைக் கிள்ளித் திரி வைக்கும் மூக்கு. முப்பது வரும். ஒருவர் எடுக்க ஒருவர் அமுக்க இரண்டு பேர் வேண்டும், இல்லையென்றால் பாதியில் இறுகிவிடும். இறுகினால் சட்டியை மறுபடி மிகச் சின்னத் தீயில் அரை நிமிடம் காட்டலாம், ஒரே ஒரு தடவை.

குழியில் எண்ணெய்க்குப் பதில் உருக்கிய சாக்லெட். இதற்குப் பேக்கரிக் கடையில் கிடைக்கும் காம்பவுண்ட் சாக்லெட்தான் நல்லது. அதில் கொக்கோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு இருப்பதால் உருக்கி ஊற்றினால் தானே இறுகிப் பளபளக்கும், விருந்தாளி கையில் பிசுபிசுக்காது. அது இறுகும்முன் தோலுரித்த பாதாம் ஒன்றை மூக்குப் பக்கம் நிறுத்துங்கள், கூர் மேலே பார்க்க. சுடர் தயார். நுனியில் குங்குமப்பூ ஊறவைத்த பால் ஒரு சொட்டுத் தொட்டால் மஞ்சளும் ஏறும். பிள்ளைகள் கலர் மணியும் சாக்லெட் ரைஸும் கொட்டத் துடிப்பார்கள். ஆளுக்கு ஐந்து அகல் ஒதுக்கிக் கொடுத்துவிடுங்கள், மற்றதில் கை வைக்காமல் இருப்பார்கள்.

ஈரம் என்ற எதிரி

அமெரிக்கச் சமையல் குறிப்புகளில் 'இரண்டு நாள் வரை மேசையில் வைக்கலாம்' என்று போட்டிருக்கும். அவர்கள் மேசை வேறு, நம் மேசை வேறு. இங்கே காற்றில் ஈரம் 80 விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது. தீபாவளி வருகிற அக்டோபர், நவம்பரிலோ தினமும் பின்னேரம் இடியோடு கொட்டும். கிரிஸ்பி அரிசி அந்த ஈரத்தைக் குடித்துவிடும். மூடாமல் வைத்தால் மாலையில் மொறுமொறு, காலையில் ரப்பர்.

செய்யும் நேரத்தைத் தேர்ந்தெடுங்கள்: மழை பெய்யும்போது வேண்டாம், காலையில் முடித்துவிடுங்கள், ஏர்கான் உள்ள அறையில் ஆறவிடுங்கள். மின்விசிறியின் கீழ் ஆறவிடுவது ஈரக்காற்றை ஊட்டிவிடுகிற மாதிரி. ஆறிய கையோடு பாலாங். ஆறாமல் மூடினால் உள்ளேயே வேர்த்துவிடும். திருகு மூடியைச் சுற்றி செலோடேப் ஒட்டுவதைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், இந்த ஊர்ப் பலகாரக்காரர்கள் எல்லாரும் செய்வதுதான். அடுக்குகளுக்கு நடுவே பேக்கிங் காகிதம். ஒரே பெரிய பாலாங்கில் எல்லாவற்றையும் போடாமல் சின்னது நான்கில் பிரித்துப் போட்டால், திறந்து திறந்து மூடும் கூத்து ஒரு பாலாங்கோடு நிற்கும். முறுக்கு, அதிரசம் இவற்றோடு ஒரே டப்பாவில் போட வேண்டாம். அதிரசத்தின் எண்ணெயும் ஈரமும் இதற்கு ஏறிவிடும்.

ஐஸ்பெட்டியில் வைக்கலாமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். வேண்டாம். உள்ளே கல்லாகும், வெளியே எடுத்ததும் குளிர்ந்த தகரத்தில் படிவது போல் தண்ணீர் படியும். முன்கூட்டியே செய்துதான் ஆக வேண்டும் என்றால் உறைபெட்டியில் காற்றுப் புகாமல் வைத்து, வெளியே எடுத்தபின் அறைச்சூட்டுக்கு வரும்வரை டப்பாவைத் திறக்காதீர்கள். என்னைக் கேட்டால் முறுக்கும் நெய் உருண்டையும் முதல் வாரம், இது கடைசி இரண்டு நாளில். அரை மணி நேர வேலைதானே.

சுத்த சைவக்காரர் வருகிறார் என்றால்

கடற்பாசி மார்ஷ்மெல்லோ கிடைக்கவில்லை என்றால் மார்ஷ்மெல்லோவையே விட்டுவிடுங்கள். 200 கிராம் குலா மெலாக்காவை (தென்னை வெல்லம்) நறுக்கி, மூன்று மேசைக்கரண்டி தண்ணீரில் கரைத்து வடிகட்டுங்கள், மண்ணும் நாரும் இருக்கும். 50 கிராம் குளுகோஸ் பாகும் 40 கிராம் நெய்யும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்துக் காய்ச்சுங்கள். தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் கெட்டி உருண்டையாகத் திரள வேண்டும். வெப்பமானி இருந்தால் 121 டிகிரிக்குக் கொஞ்சம் மேல். 130 கிராம் கிரிஸ்பியில் கொட்டிப் புரட்டி அதே அகல் வடிவம் செய்யலாம். மார்ஷ்மெல்லோ தரும் இழுவை இதில் இருக்காது, மொறுமொறுப்பு கூடுதலாக இருக்கும். எங்கள் வீட்டில் பெரியவர்கள் இந்தப் பாலாங்கைத்தான் முதலில் காலி செய்கிறார்கள். இரண்டு வகையும் செய்தால் மூடியில் பெயர் எழுதி ஒட்டுங்கள், எதில் ஜெலட்டின் இருக்கிறது, எந்த ஜெலட்டின் என்பதையும் சேர்த்து. தேன் சேர்த்திருந்தால் தமிழிலேயே 'தேன்' என்று எழுதுங்கள்.

கடைசியாகச் சட்டி. ஒட்டிப்பிடித்த மார்ஷ்மெல்லோவைக் கம்பி நாரால் தேய்க்க ஆரம்பித்தீர்கள் என்றால் நாரும் போகும், நகமும் போகும். கொதிக்கிற தண்ணீரைச் சட்டி நிறைய ஊற்றி, கரண்டியையும் உள்ளே போட்டு, மூடிவிட்டுப் போய்க் கோலம் போடுங்கள். திரும்பி வரும்போது எல்லாம் கரைந்து தண்ணீராக நிற்கும்.